டீக்கன் கை கொடுத்தார்

கல்லடிவிளையில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் முதலில் வந்து நிற்பவர் டீக்கன் ஜான்ரோஸ்தான். ரசலையன் உபதேசியார் விஷக்காய்ச்சலில் கண்ணை மூடியபோது பெட்டிக்குப் பலகை அறுத்துக் கொடுத்தார். மிஷன் வீட்டைப் புது உபதேசியாருக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டி வந்தபோது, தன் விளைத் தோட்டத்தின் தெற்கு மூலையில் ஒரு ஓலைவீடு கட்டி, ரசலையனின் விதவை நேசபாயையும் அவள் பெண்மக்கள் இருவரையும் குடியேற்றினார். இதெல்லாம் நாம் முன்பே பார்த்ததுதான். பார்க்காதவர்களும் கவலைப்பட வேண்டாம். கல்லடிவிளைப் பக்கம் போனால் டீக்கனே சொல்லுவார்.

உதவி செய்து முடித்ததும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. உதவி பெற்றவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொள்வார். "ஸ்தோத்திரம், டீக்கனையா" என்ற வார்த்தை வரும்வரை விடமாட்டார். அந்தக் கைகள் எந்நேரமும் ஈரமாக இருக்கும். மூக்குப்பொடி வாடை அடிக்கும். மூத்தவள் தேவகனி ஒவ்வொரு தடவையும் கிணற்றடிக்குப் போய்ச் சாம்பல் போட்டுக் கை கழுவுவாள். இளையவள் ராஜபாய் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில், டீக்கன் வீட்டிலிருந்து ஒரு ஓலைப்பெட்டி வந்தது.

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்துக்கு அன்று பிற்பகல் பிரதிஷ்டை. நாகர்கோவிலிலிருந்து வெள்ளைக்கார மிசியம்மாள் மிஸ் ஹார்ட்லி வருகிறார். மிஷன் ரேந்தைப் பள்ளியில் பெண்களுக்கு ரேந்தை என்கிற நூல் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கிற தேவகனிதான், மிசியம்மாள் போகிற இடமெல்லாம் கூட நின்று பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லுவாள். அன்றைக்கும் அவளுக்கு அந்த வேலை இருந்தது. வெள்ளைச் சேலையை மடித்து வைத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குள் வந்தபோது, அம்மை பெட்டியைத் திறந்து சாமான்களைப் பெஞ்சின்மேல் பரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு மட்டிப்பழம். ஒரு பட்டுச் சேலை. சேலை மடிப்புக்குள் ஒரு ஜோடி தங்க வளையல்.

"இது என்னத்துக்கும்மா?"

"உனக்குத்தான் மக்கா." நேசபாய் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "டீக்கனையா நேத்து வந்து பேசினாரு. நல்ல மனுசன். பிள்ளைகுட்டி இல்ல. வீட்டுல ஒரு பெண்ணு இல்லாம கெடக்காரு."

தேவகனி ஒரு வளையலை எடுத்துப் பார்த்தாள். உள்பக்கம் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. கையிலிருந்து அதைக் கீழே போட்டுவிட்டாள். மண்தரையில் உருண்டுபோய் அடுப்போரம் கிடந்தது.

"விக்டோரியா மாமிக்க வளையலு."

"அதுக்கென்ன? பொன்னு பொன்னுதான."

விக்டோரியா டீக்கனின் மனைவி. உடம்பு முழுக்க நீர் வைத்து, கையும் காலும் பூசணிக்காயாக வீங்கி, நெடுநாள் படுக்கையில் கிடந்து செத்தவள். அப்போது தேவகனி தினமும் போய் அவளுக்கு வேதம் வாசித்து, உடம்பு துடைத்துவிட்டு வருவாள். ஒருநாள் தேவகனி வேதத்தில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தபோது டீக்கன் ஒரு சிரட்டையில் தேங்காயெண்ணெயோடு உள்ளே வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் மணிக்கட்டில் எண்ணெயைத் தடவினார். நோவுக்குத் தடவுகிறார் என்று நினைத்தாள் தேவகனி.

"மக்கா, ஒரு கை குடு" என்றார் அவர். "இவளுக்க முழங்கையை அமத்திப் பிடிச்சுக்க. இது வரமாட்டேங்குது. பொறவுண்ணா ரொம்ப கஷ்டமாயிரும்."

வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. சாவதற்கு முன்னாலேயே கழற்றப் பார்க்கிறார் என்று தேவகனிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. விக்டோரியாவுக்கு முன்பே புரிந்துவிட்டது. அவளுக்கு நாக்கு எழவில்லை. கண் மட்டும் விழித்திருந்தது. அந்தக் கண் புருஷனைப் பார்க்கவில்லை, தேவகனியைப் பார்த்தது. தேவகனி வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். முற்றத்தில் நிற்கும்போது உள்ளே ஒரு முனகல் கேட்டது. பிறகு டீக்கன் "ஆங், வந்துட்டு" என்றார். மறுநாள் காலையில் சாவுமணி அடித்தது.

இதை அன்றே அம்மையிடம் சொல்லியிருந்தாள். "அவருக்க பொருளு, அவரு எடுத்தாரு" என்று சொல்லிவிட்டு அம்மை அரிசி களையப் போய்விட்டாள்.

இப்போது தேவகனி சொன்னாள்: "எனக்கு வேண்டாம்மா. சேலையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அந்தக் கையைப் பாத்தா எனக்கு ஓங்கரிக்குது."

நேசபாய் குனிந்து வளையலை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

"ஓங்கரிக்கட்டும். நாலு வீட்டு வாசல்ல போய் நிண்ணு கஞ்சிக்குக் கேட்டுப் பாத்திருக்கியா நீ? நான் கேட்டிருக்கேன், உங்கய்யா செத்த மாசத்துல. அப்ப எனக்கு ஓங்கரிக்கல்ல. வயித்துல ஒண்ணும் இல்லாம இருந்துது." பெட்டியை மூடினாள். "இண்ணு ஒண்ணும் பேசாத. மிசியம்மா வருகா. பொறவு பாக்கலாம்."

பிறகு பார்க்கலாம் என்றதைத் தேவகனி நம்பிவிட்டாள்.

கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டிருந்த ராஜபாய் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அக்காள் வந்ததும் துண்டைத் தோளில் போட்டு, தொந்தியைத் தள்ளிக்கொண்டு, டீக்கனைப்போல இரண்டு விரலால் பொடி எடுத்து உறிஞ்சிக் காட்டினாள். "எக்கா, ஒனக்க மாப்பிள்ளை தும்மினா கூரை ஓலை பறக்கும் பாத்துக்க" என்றாள். தேவகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் சிரித்தது அதோடு சரி.

மிஸ் ஹார்ட்லியின் மோட்டார் வந்தபோது பள்ளிக்கூட முற்றம் நிறைந்திருந்தது. மாவிலைத் தோரணம், காகிதப் பூ, சபைக்காரர்கள் எல்லாரும் சலவை வேஷ்டியில். புதுக் கட்டடத்துக்கு உத்தரமும் கைமரமும் டீக்கன் கொடுத்தவை. அதனால் மேடையில் மிசியம்மாளுக்கு அடுத்த நாற்காலி அவருக்கு. ஒரு ரோஜாப்பூவைக் கோட்டில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிசியம்மாள் கப்பலிறங்கி அதிக நாளாகவில்லை. தமிழில் 'சலாம்', 'சந்தோஷம்', 'சீக்கிரம்' என்ற மூன்று வார்த்தைகள் வரும். மற்றதெல்லாம் தேவகனி வாய்வழியாகத்தான். ஜெபமும் பாட்டும் முடிந்ததும் அவர் எழுந்தார்.

"திருவாளர் ஜான்ரோஸ் இந்தச் சபைக்கு எந்நாளும் ஒரு கை கொடுத்து வந்திருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

"டீக்கன் ஐயா அவர்கள் நம் சபைக்கு எந்நாளும் ஒத்தாசையாக இருந்து வந்திருக்கிறார்கள்" என்றாள் தேவகனி. மரம் கொடுத்தது நிஜம்தானே.

"ஆகவே நாம் எல்லாரும் அவருக்கு ஒரு நல்ல கை கொடுப்போம்."

அப்படியே மாற்றியிருந்தால் ஜனங்கள் வரிசையில் வந்து டீக்கனின் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்கள். தேவகனி, "எல்லாரும் கை தட்டுங்கள்" என்றாள். தட்டினார்கள். டீக்கன் எழுந்து மூன்று பக்கமும் கும்பிட்டார்.

மிசியம்மாள் கைதட்டல் அடங்கும்வரை சிரித்த முகத்தோடு காத்திருந்தார். பிறகு தேவகனியின் தோளில் கை வைத்து, ஒரு நல்ல செய்தியை மறைத்து வைத்திருந்து வெளியிடுகிறவரின் குரலில் சொன்னார்: "இன்னொரு சந்தோஷம் இருக்கிறது. திருவாளர் ஜான்ரோஸ் என்னிடம் வந்து, என் அருமைத் தேவகனியின் கையைக் கேட்டிருக்கிறார். அவள் தாயார் சம்மதித்துவிட்டார்."

கை என்ற அதே இங்கிலீஷ் வார்த்தைதான். மூன்றாம் தடவை வந்தபோது தேவகனியின் வாய் நின்றுவிட்டது.

கூட்டம் காத்திருந்தது. டீக்கனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் என்ன வரப்போகிறது என்று தெரியும். துண்டால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசைப் பாயில் நேசபாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும், காலையில் கேட்டது கேள்வியே இல்லை, எல்லாம் நேற்றே முடிந்துபோன காரியம் என்று தேவகனிக்கு விளங்கியது.

"சொல்லு" என்றார் மிசியம்மாள் மெதுவாக.

தேவகனி சொன்னாள்: "டீக்கன் ஐயா என்னைக் கலியாணம் செய்துகொள்ள மிசியம்மாவிடம் கேட்டிருக்கிறார்களாம். அம்மை சம்மதித்தாளாம். மிசியம்மா சொன்னது இவ்வளவுதான். இனி நான் சொல்லுகேன். எனக்கு இஷ்டம் இல்லை."

டீக்கன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பிள்ளைக்கு நாணம்" என்றார், கூட்டத்தைப் பார்த்து. "நம்ம வீட்டுப் பிள்ளைக அப்படித்தான் சொல்லுவாவ. உடனே தலைய ஆட்டினா மரியாதை உண்டா?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். கைதட்டலைக் கண்டு மிசியம்மாளுக்கு ஒரே ஆனந்தம். "சந்தோஷம், சந்தோஷம்" என்று சொல்லிக்கொண்டு அவரும் தட்டினார்.

தான் சொன்ன வார்த்தையின்மேல் இத்தனை பேர் கை தட்டுவதைத் தேவகனி பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானஸ்நானம் முதல் அறிந்த முகங்கள். அய்யா செத்தபோது அழுத முகங்கள். அந்த நிமிஷம் அத்தனை முகமும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. தட்டி ஓயும்வரை நின்றுவிட்டு, ரேந்தைப் பள்ளியில் பாடம் சொல்லுகிற குரலில் பேசினாள்.

"விக்டோரியா மாமி சாகதுக்கு முந்தின நாளு, உயிரு இருக்கும்போதே, கைக்கு எண்ணெய் போட்டு வளையலை உருவினாரு. மாமி பாத்துக்கிட்டே கெடந்தாவ. அமத்திப் பிடிக்க என்னைக் கை குடுக்கச் சொன்னாரு. அந்த வளையலைத்தான் இண்ணு எனக்குக் குடுத்து விட்டிருக்காரு."

சிரிப்பு அறுந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கனின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே, ஏலம் பேசுகிறவர்போல நிதானமாகக் கேட்டார்:

"செரி, உருவினேன். அவளோட சேத்துப் புதைக்கவா சொல்லுகே? மண்ணுக்குள்ள கெடந்தா யாருக்குப் பிரயோசனம்? வீங்கின கை விறைச்சும் போச்சுண்ணா பொறவு கையையா அறுப்பாவ? நீங்களே சொல்லுங்க."

அதுதான் தேவகனி எதிர்பார்க்காதது. கூட்டம் யோசித்தது. சலவை வேஷ்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சங்கீதம் பாடுகிற ரத்தினம் வாத்தியார், "நியாயம் இல்லாமல் இல்லை" என்று முணுமுணுத்தார். வாயைப் பொத்திய பெண் கையை எடுத்துவிட்டுத் தலையை மெல்ல ஆட்டினாள். தேவகனி மேடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் புதுக் கட்டடத்துக்குள் போனாள். அறுத்த மரத்தின் வாசனை உள்ளே நிறைந்திருந்தது. அதுவும் அவர் கொடுத்த மரம்.

மிஸ் ஹார்ட்லி பின்னாலேயே வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். தேவகனி ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். மிசியம்மாளின் காதோரம் சிவந்தது.

"நீ கூச்சப்படுகிறாய், உள்ளூர விருப்பம் என்று அவர் தம் பேரனோடு வந்து சொன்னார். அந்தப் பையன் இங்கிலீஷ் பேசினான்."

"அவருக்குப் பேரன் கிடையாது, மேடம். யாரையோ கூட்டி வந்திருக்கிறார்."

"நான் ஒரு கை கொடுக்கத்தான் நினைத்தேன்" என்றார் மிசியம்மாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே டீக்கன் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்தார். "அந்த வளையல் விஷயம்... உங்கள் வழக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கக்கூடுமோ?"

தேவகனி புது உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தப் பேச்சு அடங்கும்வரை நீ ரேந்தைப் பள்ளிக்கு வராமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். உன் நன்மைக்குத்தான். பெண்பிள்ளைகளின் தாய்மார் என்ன பேசுவார்கள், சொல்." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கையை நீட்டினார். சுத்தமான, உலர்ந்த, லவண்டர் மணக்கிற கை. தேவகனி அதையும் தொடவில்லை.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது அம்மை அடுப்பில் நெருப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "நாளைக்கு எங்க போறது, அதைச் சொல்லு" என்று மட்டும் கேட்டாள். தேவகனி ரேந்தைப் பள்ளிச் சேதியைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மையின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில், வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு டீக்கன் வந்தார். கோட்டில் ரோஜாப்பூ வாடியிருந்தது. முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, "ராஜம், ஒரு கருப்பட்டிக் காப்பி போடு மக்கா" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒன்றும் நடக்காததுபோல இருந்தது அந்தக் குரல்.

"நேசபாய், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மூத்தவ படிச்ச பிள்ள. படிச்சா வாயும் நீளும். நான் மன்னிச்சாச்சு." பொடி உறிஞ்சினார். விரலை வேஷ்டியில் துடைத்தார். "எளையது இருக்குதுல்லா. இந்தச் சித்திரையோட பதினெட்டு முடிஞ்சுதுல்லா. குணமுள்ள பிள்ள. வளையலு எப்படியும் இஞ்சதான கெடக்கு."

சந்தையில் ஒரு மாடு விலை படியவில்லை என்றால் பக்கத்து மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பதுபோல. நேசபாய் மண்ணைப் பார்த்தாள். மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

"எழும்பிப் போங்க" என்றாள் தேவகனி.

"எங்க மக்கா போக?" டீக்கன் பெஞ்சைத் தடவிக்கொடுத்தார். "இது யாருக்க விளை?"

ராஜபாய் காப்பியோடு வந்தாள். தலை சீவி, புதுப் பாவாடை கட்டியிருந்தாள். கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். அவர் வழக்கம்போலக் கிளாஸோடு சேர்த்து அவள் கையையும் பொத்திப் பிடித்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றாள்.

நேசபாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தேவகனி தங்கையின் தோளைப் பிடித்து, வீட்டின் பின்பக்கம் வாழைக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியம் பிடிச்சுட்டா? காலையில அவரைப் பழிச்சுக் காட்டினது நீதான?"

"ஆமா. காட்டினேன்."

"எனக்காண்டிச் சொன்னியா? அம்மைக்காண்டியா? நமக்கு வேற வழி இருக்குட்டி. நான் கண்டுபிடிக்கேன்."

"ஒனக்கு இருக்கும்." ராஜபாய் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். "ஒனக்கு ரேந்தைப் பள்ளி இருக்கு. மிசியம்மா இருக்கா. மேடையில ஏறி வேண்டாம்ணு சொல்ல இங்கிலீசு இருக்கு. எனக்கு இந்த ஓலைவீடும் அம்மைக்க இருமலும் இருக்கு. அவருக்கு ஓட்டுவீடு, பத்தாயம், வில்வண்டி. எத்தன நாளு இருப்பாரு? விக்டோரியா மாமி மாதிரி நான் படுத்துக் கெடக்க மாட்டேன்."

"அவரு கையைப் பாத்தியாட்டி?"

"பாத்தேன். நீ கழுவுவே. எனக்குக் கழுவத் தோணினதே இல்ல." அக்காளின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். "நான் ஒனக்காண்டியும் சொல்லல்ல, அம்மைக்காண்டியும் சொல்லல்ல. அப்படி நினைச்சு நீ அழாத."

அவள் போய்விட்டாள். தேவகனி வாழைமூட்டில் குனிந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. கசந்த நீர்தான் வந்தது. ரேந்தைப் பள்ளி போய்விட்டதைத் தங்கையிடம் சொல்லியிருந்தால் அவள் வேறு வார்த்தை பேசியிருப்பாளோ? இப்போது ஓடிப்போய்ச் சொல்லலாமா? வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முற்றத்தில் டீக்கன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ராஜபாய் சிரித்தாள்.

அது பொய்ச் சிரிப்பாக இருக்க வேண்டும் என்று, தேவகனி மூச்சை அடக்கிக் காது கொடுத்துக் கேட்டாள். பொய்யாகத் தெரியவில்லை.